நகம் மாட்டும் இடம்

"வண்டி சரியாகக் கூடாதுடா தம்பி" என்றாள் அக்கா போனில். "பார்ட்ஸ் கிடைக்கலன்னு சொல்லு, என்ன வேணா சொல்லு. அவர் கையில மட்டும் திரும்பக் குடுத்துடாத."

வண்டிகளில் ஆயில் ஒழுகுவதை நிறுத்துவதுதான் மெக்கானிக்கான என் பிழைப்பு. ஒழுக விடச் சொல்லி என்னிடம் கேட்ட ஒரே ஆள் என் கூடப்பிறந்தவள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

மச்சானுடைய பிக்கப் வண்டி ரொம்பப் பழசு. வீடு மாறுகிறவர்களின் கட்டிலும் பீரோவும் அதன் முதுகில்தான் போகும். போன வாரம் அதைக் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்து மதிலில் முட்டிவிட்டார். மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே போயிருந்த நேரம் என்பதால் மதிலோடு போயிற்று. ஸ்டியரிங் பாக்ஸில் ஆயில் ஒழுகிக் காலியாகி, திருப்பத்தில் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது என்றார். பாக்ஸ் ஒழுகியதும் உண்மைதான், வண்டிக்கு அடியில் குளமே கட்டியிருந்தது. எல்லோரும் நம்பினார்கள். அக்கா நம்பவில்லை. மச்சானுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. டாக்டர் என்று பேச்செடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு நாள் உள்ளங்காலில் ஆணி ஏறியது தெரியாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்திருக்கிறார். தரையில் ரத்தத்தைப் பார்த்து அக்கா சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து பட்டறையில் போட்டிருந்தேன். பாக்ஸைக் கழற்றி, அடியில் இருக்கும் ஆர்மைப் புல்லர் போட்டு இழுத்து உருவி, உள்ளே சுழலும் இரும்புத் தண்டான ஷாஃப்ட்டை வெளியே எடுத்து டீசலில் கழுவினேன். அதைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல் காய்ந்து, உதடு கிழிந்து போயிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. புது சீல் என் மேசை டிராயரிலேயே இருந்தது. மத்தியானத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடலாம்.

மச்சான் வந்தார். பின்னாலேயே அக்காவும் வந்தாள், கண்ணாலேயே என்னை மிரட்டிக்கொண்டு.

"என்ன மாப்ளே, குடலை உருவிப் போட்டிருக்க? பிழைக்குமா பிழைக்காதா?"

"கஷ்டம் மச்சான். ஷாஃப்ட் தேஞ்சு பள்ளம் விழுந்துருச்சு. இந்த மாடலுக்கு பாக்ஸே இப்ப வர்றதில்ல."

"குடு, பாப்போம்."

சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டை நகத்தால் இழுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம், எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். வழுக்கிக்கொண்டு போனால் ஷாஃப்ட் நல்லது. இது மச்சானுக்குத் தெரியாததா? பாதிப் பொழுது என் பட்டறையில் உட்கார்ந்து வாயளந்த மனுஷன். என் பொய்யின் ஆயுசு இவ்வளவுதான் என்று நினைத்தபடி ஷாஃப்ட்டைக் கொடுத்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரல் நகத்தால் மேலிருந்து கீழே நிதானமாக இழுத்தார். வாங்கிக்கட்டிக்கொள்ள நான் தயாராக நின்றேன்.

"ஆமா" என்றார். "நல்லாவே மாட்டுது. இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு."

அக்கா பெருமூச்சு விட்டாள். தப்பித்தோம் என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. அடுத்த கணம்தான் உறைத்தது. அந்த ஷாஃப்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. நானே கழுவித் துடைத்து, நானே நகம் வைத்துப் பார்த்தது. அதில் மாட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

"சரி, அதுக்கென்ன?" என்றார் மச்சான். "இருக்கற சீலைப் போட்டு மூடு. ஒழுகினா ஒழுகட்டும். தெனம் காலையில ஆயில ஊத்திட்டு ஓட்டிக்கறேன். நாளைக்கு ஒரு லோடு ஒத்துக்கிட்டிருக்கேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பொய், அதுவும் செலவாகிவிட்டது. இனி அவரை நிறுத்த உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அந்த உண்மை என் பொய்யைவிடக் கேவலமாக அவரைக் காட்டிக்கொடுக்கும், அதுவும் அக்கா முன்னால். அந்த நிமிஷம் இரண்டு பேர் மீதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மச்சான், நான் பொய் சொன்னேன். அதுல பள்ளம் ஒண்ணும் இல்ல."

"விளையாடாத. நான்தான் பாத்தேனே."

"எங்க மாட்டுச்சு? காட்டுங்க."

அவர் மறுபடியும் இழுத்தார். நடுவிரலால் இழுத்தார், கையை மாற்றி இழுத்தார். அக்கா குனிந்து ஷாஃப்ட்டை வாங்கித் தன் நகத்தை வைத்தாள். எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. அதை அவர் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

"எப்பலேர்ந்து விரல் மரத்துப்போச்சு?" என்று கேட்டேன்.

ரோட்டில் போன லாரி ஒன்று கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் போயி ரொம்ப நாளாச்சு. கையும் போயிடுச்சுன்னு சொன்னா உங்கக்கா சாவியப் புடுங்கிடுவா. நீ பள்ளம்னு சொன்ன, நான் மாட்டுதுன்னேன்." பிறகு குரலை இறக்கினார். "அன்னிக்கு ஸ்டியரிங் நல்லாத்தான் திரும்புச்சு மாப்ளே. பிரேக்குலதான் கால் இருக்குன்னு நெனச்சேன்."

அக்கா அப்படியே பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். இதைத்தான் அவள் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தாள். அவர் வாயால் கேட்டபோது தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒருவரைக் குழியிலிருந்து பிடித்து இழுத்துக் காப்பாற்றியவனுக்கு வரவேண்டிய நிம்மதி எனக்கு வரவே இல்லை.

"சீலைப் போட்டு மூடு" என்றார் மச்சான். "வாங்கறவனாவது ஒழுகாம ஓட்டட்டும்."

சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவி, கேட் சாவியோடு வண்டிச் சாவியும் ஒரே வளையத்தில் இருந்தது. வண்டியைப் பார்த்தபடியே அதைத் தனியாகக் கழற்ற முயன்றார். வளையத்தின் இடுக்கு விரலுக்கு அகப்படவில்லை. அக்கா கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. நான் திரும்பிக்கொண்டு, ஏற்கனவே துடைத்த பாக்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கொத்து நழுவித் தரையில் கிடந்த துணிமேல் விழுந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. கண்ணை வண்டியிலிருந்து எடுக்காமல், வெறும் விரல்களால் அவர் இன்னும் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா சத்தமில்லாமல் குனிந்து அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.