ஏறியவர், இறங்கியவர்

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தால் என்ன ஆகும் என்று இதுவரை யாரும் ஆராய்ச்சி செய்ததில்லை. செய்திருந்தால், அந்த இல்லத்தின் மேட்ரன் பெல் பலகைக்கு நேர் எதிரே இருக்கும் அறையை அவருக்குக் கொடுத்திருக்க மாட்டார்.

பெல் பலகை மேட்ரனின் மேசைக்கு மேலே சுவரில் இருந்தது. எந்த அறையில் பொத்தானை அழுத்தினாலும் அந்த அறை எண்ணுக்கு நேரே சிவப்பு விளக்கு எரியும். ஆள் போய் அங்கே சுவிட்சைத் தட்டினால்தான் அணையும். கண்டக்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் பலகை முழுக்கத் தெரியும். முப்பத்தொரு வருடம் ஒவ்வொரு ஸ்டேஜிலும் நேரம் குறித்தே பழகிய கை சும்மா இருக்குமா? வந்த மறுநாளே ஒரு நீள நோட்டை வரவழைத்துவிட்டார். விளக்கு எரிந்த நேரம், அணைந்த நேரம், அறை எண். நாளின் முடிவில் ஒரு கோடு போட்டு, டிரிப் ஷீட்டில் எழுதுவது போலவே, ஏறியவர் இத்தனை, இறங்கியவர் இத்தனை. புதிதாகச் சேர்ந்தவர் ஏறியவர். இறங்கியவர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே வந்தவர்களில் யாரும் வீடு திரும்பியதாக நோட்டில் இல்லை.

இந்த நோட்டு மெத்தைக்கு அடியில் இருந்தது. மறைத்து வைக்கக் காரணம் உண்டு. கண்டக்டருக்கு நேரத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தத் தெரியாது. "காலை 6.40 எரிந்தது, 7.02 அணைந்தது. கேட்டது தண்ணீர். கிடைத்தது அறிவுரை." "சூப்பில் உப்பு இல்லை." மறுநாள், "சூப்பில் உப்பைத் தவிர எதுவும் இல்லை." "மேட்ரன் இன்று சிரித்தார். காரணம் தெரியவில்லை."

ஐந்து மாதத்துக்கு முன்னால் இல்லங்களைச் சோதிக்கும் அதிகாரி அம்மா ஒருவர் வந்தார். பெல் அடித்தால் ஆள் வர நேரமாகிறது, அதற்கு ஒரு பதிவேடும் இல்லை என்று எழுதி, அடுத்த சோதனை வரை புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து நோட்டில் ஏறியவர் ஒருவர்கூட இல்லை. இறங்கியவர் மட்டும் ஆறு. இருபத்து மூன்று பேர் பதினேழு ஆனார்கள். ஏறுவதற்கு ஆளே இல்லாமல் இறக்கிவிட்டுக்கொண்டே போகும் வண்டியில் கண்டக்டர் அதுவரை வேலை பார்த்ததில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

சொந்த விஷயமும் ஒன்று இருந்தது. மகள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் மடங்க மறுத்த கண்டக்டர் இங்கே வந்தார். அவர் மனைவி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார், ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். இரண்டு மாதத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவார்கள். கண்டக்டர் அறையில் இரண்டாவது கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் தடை நீங்காவிட்டால் மனைவி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறொரு இல்லத்துக்குத்தான் போக வேண்டும். நாற்பது கிலோமீட்டர் என்பது கண்டக்டர் கணக்கில் பதினோரு ஸ்டேஜ். மடங்காத காலோடு முதல் ஸ்டேஜைக்கூட அவரால் தாண்ட முடியாது.

"இந்த வாரம் எப்ப வேணா வருவாங்க சார்," என்று மேட்ரன் திங்கட்கிழமை சொன்னதும் கண்டக்டர் களத்தில் இறங்கினார். மாலை டீ நேரத்தில் கைத்தடியோடு அறை அறையாகப் போய், டிக்கெட் கொடுப்பது போல் ஆளுக்கு இரண்டு வார்த்தை கொடுத்தார்.

"என்ன கேட்டாலும் 'எல்லாம் திருப்தி'. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க."

"உப்பு பத்தி கேட்டா?" என்றார் கணக்கு டீச்சராக இருந்த அம்மா.

"திருப்தி."

"எனக்கு அது திருப்தி இல்லையே."

"டீச்சர், என் பொண்டாட்டிக்காக ஒரு நாள் தப்பா விடை சொல்லக் கூடாதா?"

டீச்சர் யோசித்தார். வாழ்நாளில் தப்பு விடைக்கு மார்க் போட்டதில்லை. "சரி, ஒரு நாள்தான்," என்றார்.

புதன்கிழமை காலை அதிகாரி அம்மா வந்தார். தோளில் ஒரு பை, கையில் தெர்மாமீட்டர், முகத்தில் ஒன்றுமில்லை. குழாயைத் திறந்து வெந்நீரின் சூட்டைப் பார்த்தார். மருந்து அலமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். ஃபிரிட்ஜில் தலையை விட்டார். தீப்பிடித்தால் வெளியேறும் கதவைத் தள்ளினார், அது சமர்த்தாகத் திறந்தது. மேட்ரன் பின்னாலேயே ஓடினார். பெல் பதிவேட்டைக் கேட்டபோதுதான் மேட்ரனின் குரல் இறங்கியது. முதல் மூன்று வாரம் எழுதியிருந்தார், அதற்கப்புறம் வெறும் கட்டம்தான்.

"மூணு பேரு செய்ற வேலைய ரெண்டு பேரு செய்றோம் மேடம். விளக்கு எரிஞ்சா ஓடுறதா, உக்காந்து எழுதுறதா? நான் ஓடிட்டேன்."

"நீங்க ஓடினது எனக்கு எப்படித் தெரியும்? எழுதாதது நடக்காதது. எங்க வேலையில அப்படித்தான்."

பிறகு அவர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார். கதவு திறந்திருந்ததால் கண்டக்டருக்குப் பாதி கேட்டது. எல்லாம் திருப்தி. எல்லாம் திருப்தி. காது மந்தமானவரிடம் பெயரைக் கேட்டார், அவர் "எல்லாம் திருப்தி" என்றார். டீச்சரிடம் தூக்கம் எப்படி என்று கேட்டார். "எல்லாம் திருப்தி, நூத்துக்கு நூறு" என்று டீச்சர் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துப் போட்டார். கண்டக்டருக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. வண்டி நேரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தார்.

பதினாறு பேரை முடித்துவிட்டு அதிகாரி அம்மா வராந்தாவில் மேட்ரனை நிறுத்தினார். அது கண்டக்டரின் வாசல்.

"பதினாறு பேரும் ஒரே ரெண்டு வார்த்தை. வயசான காலத்துல மனுஷனுக்கு ஒரு குறைகூடவா இருக்காது? குறையே இல்லாத இடத்தைப் பாத்தாத்தான் எனக்குப் பயம். யாரோ மிரட்டி வச்சிருக்கீங்க."

"சத்தியமா இல்ல மேடம்."

"பதிவேடு இல்ல. பேசவும் விடல. நான் என்னன்னு எழுதுறது? தடை தொடரும்னுதான் எழுதணும்."

மேட்ரன் பேயறைந்தது போல் நின்றார். கண்டக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது மட்டுமல்ல, பாவம், ஓடி ஓடிக் கால் தேய்ந்த ஒரு பெண்ணின் தலையிலும் போட்டாயிற்று. மெத்தைக்கு அடியில் இருக்கும் நோட்டு ஞாபகம் வந்தது. அதில் இருப்பதைப் படித்தால் இல்லத்தையே இழுத்து மூடினாலும் மூடுவார்கள். மேட்ரன் சூப்பில் விஷம் வைத்தாலும் வைப்பார். ஆனாலும் மெத்தையைத் தூக்கினார்.

"மேடம், மிரட்டினது நான்தான். அந்தம்மாவுக்குத் தெரியாது. இதப் பாருங்க. இதுல திருப்தி கம்மியாத்தான் இருக்கும்."

அதிகாரி அம்மா கட்டிலில் உட்கார்ந்து நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். அறிவுரை கிடைத்த பக்கத்தில் அவர் உதடு லேசாகக் கோணியது. பிறகு தன் பையிலிருந்து பழைய அறிக்கையை எடுத்து, நோட்டில் ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தின் மேல் விரலை வைத்தார்.

"11.10, நாலாம் அறை. 11.32 அணைந்தது. அழுத்தியது சோதனைக்கு வந்த அம்மா. சிடுமூஞ்சி," என்று வாய்விட்டுப் படித்தார்.

கண்டக்டர் கூரையைப் பார்த்தார்.

"இருபத்திரண்டு நிமிஷம். என் அறிக்கையிலயும் அதேதான்." அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "இன்னிக்கு 9.48, ஒன்பதாம் அறை. 9.51. இதுவும் நான் அழுத்தினதுதான். யார்கிட்டயும் சொல்லல." தன் தாளில் குறித்திருந்ததைப் பார்த்தார். நிமிடம் பிசகவில்லை.

அப்புறம் அவர் பக்கம் பக்கமாகப் போனார். இருபத்திரண்டு நிமிடம் பதினேழானது, பதினொன்றானது, ஆறானது. இரண்டு மாதமாக நான்கைத் தாண்டவே இல்லை. யாருமே எழுதாமல் விட்ட மேட்ரனின் ஓட்டமெல்லாம் அங்கே கோணல்மாணலான கையெழுத்தில் வரிசையாக நின்றது. மேட்ரன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார், கண்ணைத் துடைத்தார், உடனே இன்னொரு வரி கண்ணில் பட்டு முறைத்தார்.

"சார், நான் சிரிச்சதக்கூடவா எழுதி வச்சிருக்கீங்க?"

"ஒரு தடவதானம்மா."

"இது என்ன?" அதிகாரி அம்மாவின் விரல் நின்றது. "'ஆறாம் அறை, குளியலறைக் கைப்பிடி ஆடுகிறது. ஒன்பது நாள்.' நான் பாத்தப்ப ஈரத் துண்டு தொங்கிச்சு."

அவர் எழுந்துபோய் துண்டை எடுத்துவிட்டு ஆட்டிப் பார்த்தார். ஆடியது. திரும்பி வந்து தன் தாளில் நீளமாக எழுதினார். கண்டக்டருக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல் இருந்தது. போதாக்குறைக்கு டீச்சர் கதவோரம் வந்து நின்று, "உண்மைய சொல்லலாம்னா எனக்கு உப்பு பத்தி பேசணும்," என்றார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர். ஜன்னல் இறுக்கம், போர்வை மெலிவு, டிவி சத்தம் என்று அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தார்கள். காது மந்தமானவர் இந்தத் தடவை தன் பெயரைச் சொன்னார்.

அதிகாரி அம்மா முகத்தில் முதல்முறையாக ஏதோ வந்தது. சிரிப்பு என்றே சொல்லலாம்.

"மிரட்டி வச்ச இடத்துல இப்படிப் பேச மாட்டாங்க," என்றார் மேட்ரனிடம். "கைப்பிடிய சரி பண்ணி இன்னிக்கே போட்டோ அனுப்புங்க. அனுப்பினா தடைய எடுத்துடறேன். பதிவேட்ட இவரே எழுதட்டும், நீங்க தினம் கையெழுத்துப் போடுங்க. ஐயா, சூப்பு, சிரிப்பு எல்லாம் வேற நோட்டுல."

மேட்ரன் தச்சருக்குப் போன் போட்டபோது அதிகாரி அம்மா இன்னும் பையைக்கூட மூடவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஆம்புலன்ஸ் வந்தது. கண்டக்டர் காலையிலேயே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் நின்றார். உட்காரச் சொன்ன மேட்ரனிடம், ஆள் ஏறும்போது கண்டக்டர் உட்காரும் வழக்கம் இல்லை என்றார். மேட்ரனே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்டக்டரின் மனைவி இளைத்திருந்தார். கண் மட்டும் பழைய கண்ணாகவே இருந்தது, அறைக்குள் வந்ததும் நான்கு மூலையையும் ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஏங்க, என் கட்டில எதுக்கு அவ்வளவு தள்ளிப் போட்டிருக்கு?"

"நடுவுல நாற்காலி போக வழி வேணும்னு சட்டமாம்."

"கை எட்டலையே."

"புகாரா எழுதவா?"

"எழுதுங்க. பெருசா எழுதுங்க."

அவர் நோட்டை எடுத்தார். கட்டில் இடைவெளி பற்றி எழுதினார். நேரத்தைக் குறித்தார். மேட்ரன் கட்டிலை ஒரு முழம் நகர்த்திவிட்டு, அளந்து பார்த்து, சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று கையெழுத்துப் போட்டார். மனைவி கையை நீட்டி, எட்டுகிறதா என்று பார்த்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எழுதும் கை அது. விடச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. இடது கையால், முதல் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல் கோணலாக, கீழே ஒரு கோடு போட்டு அன்றைய கணக்கை முடித்தார்.

ஏறியவர்: ஒருவர். இறங்கியவர்: இல்லை.