ஆயாவுக்கு எந்த லிஃப்ட்?

"ஆயா, சீக்கிரம் வா! லிஃப்ட் போயிரும்!"

புனேயின் வானவடியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பே அதிரும்படி ஏழு வயது நீலா கத்தினாள். பின்னால் அவளுடைய ஸ்கூல் பையைச் சுமந்துகொண்டு வந்தவள் அப்பாவைப் பெற்ற வேதநாயகி. புதுக் காவலாளி, "ஆயாக்களுக்கு அந்த லிஃப்ட்" என்று இந்தியில் சொல்லி, குப்பைக்கூடைகள் இறங்கும் லிஃப்ட்டைக் காட்டினான்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுடைய பூர்வீகமான வேலூர்ப் பக்கம் ஆயா என்றால் பாட்டி. புனேயிலோ சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிறவள். ஆனால் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த மருமகள் பானு, "இவங்க என் மாமியார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லை. பக்கத்தில் நின்றிருந்த மேல்வீட்டு அம்மாள் முன்னால் சொல்ல அவளுக்குக் கூச்சம். வேதநாயகி பையோடு அந்த லிஃப்ட்டில் ஏறிப் போனாள்.

வீட்டுக்குள் வந்ததும் பானு மகள்மீது பாய்ந்தாள். "இனிமே ஆயான்னு கூப்புடாத. இங்க எல்லாரும் பாட்டிய மராத்தில ஆஜின்னுதான் கூப்புடறாங்க. நீயும் அப்படியே கூப்புடு."

"ஆஜி பக்கத்து வீட்ல இருக்காங்க. இது என் ஆயா!"

வேதநாயகி சிரித்தாள். "எப்டி கூப்ட்டா இன்னா கண்ணு? நீ கூப்ட்டா நான் வராம பூடுவேனா?"

அவள் அப்படித்தான். பானுவின் பிரசவ விடுப்பு முடிந்தபோது, மகன் சுனில் சாகண் தொழிற்சாலையிலிருந்து போன் செய்து, "அம்மா, கொழந்தைய யார் பாத்துப்பாங்கன்னு தெரியல" என்றான். அன்றைக்கே புனேயின் இன்னொரு கோடியில், ஏரவாடாவில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பையோடு வந்தவள். நீலாவுக்கு முதலில் வந்த சொல்லே 'ஆயா'தான்.

அந்த வாரமே பள்ளியில் தாத்தா பாட்டிகளுக்கு விழா. ஒவ்வொரு குழந்தையும் மேடையில் நன்றி சொல்ல வேண்டும். பேத்தியோடு வந்த வேதநாயகியை வாசலில், "யார்?" என்று கேட்டார்கள். "மேரி ஆயா!" என்று, 'என் ஆயா' என்பதை இந்தியில் பெருமையாகக் கூவிவிட்டு நீலா உள்ளே ஓடிவிட்டாள். ஆயாக்கள் உட்காரும் வெளிப் பெஞ்சைக் காட்டினார்கள். உண்மையைச் சொன்னால் மருமகளுக்குத் தலைகுனிவாகிவிடுமோ என்று வேதநாயகி பேசாமல் போய் உட்கார்ந்தாள்.

பானு வங்கியிலிருந்து வந்து சேர்ந்தபோது நீலா மேடையில் நின்றிருந்தாள். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி.

"ஆயா வந்தாதான் பேசுவேன்."

"ஆயாக்கள் வெளியே இருப்பாங்க. உன் பாட்டி எங்கே?" என்றாள் டீச்சர்.

நீலா அம்மாவைப் பார்த்தாள். "ஆ... ஜி..." என்று சொல்லிப் பார்த்தாள். அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டாள்.

பானு வெளியே ஓடினாள்.

"இன்னாம்மா, கொழந்த பேசிட்டாளா?" என்று ஆவலாகக் கேட்டாள் வேதநாயகி.

"உங்கள வெளிய ஒக்கார வெச்சது அவங்க இல்ல அத்தே, நான்தான். என்னை மன்னிச்சிடுங்க. நீங்க இல்லேன்னா நான் வேலைக்கே போயிருக்க முடியாது. ஒரு நாளாவது உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கேனா?"

"பைத்தியம், அழாத. புள்ள காத்துகினு இருக்குது."

கைகோத்து வந்த இருவரையும் பார்த்ததும் நீலா மைக்கைப் பிடித்தாள். "இதுதான் என் ஆயா. எங்க அப்பாவோட அம்மா. தேங்க்யூ ஆயா!" அரங்கம் கைதட்டியது. வேதநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாலையில் லிஃப்ட் வாசலில் அதே மேல்வீட்டு அம்மாள். பானு வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னாள்: "ஆயா, இந்த லிஃப்ட்ல வாங்க."

வேதநாயகி ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மேல்வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயா லீலா குப்பை லிஃப்ட்டுக்குக் காத்திருந்தாள். "நீயும் வாம்மா, எடம் இருக்குது."

லீலா தயங்கினாள். மேல்வீட்டு அம்மாள் முகம் சுளித்தாள். பானு கதவைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாளிடம் இந்தியில் நிதானமாகச் சொன்னாள்: "சொந்தப் பாட்டியோ, சம்பளத்துக்கு வந்தவங்களோ, நம்ம புள்ளைய வளக்கறவங்கள வெளிய நிறுத்தினா கொறைஞ்சு போறது அவங்க இல்லீங்க, நாமதான். இன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்சுது."

மேல்வீட்டு அம்மாள் லீலா ஏற வழிவிட்டு நகர்ந்தாள்.