பதினோரு கிலோமீட்டர் பின்னோக்கி

"ஐம்பத்திரண்டு பேரை ஏத்திக்கிட்டு, ஏரிக்கரை மேல, பதினோரு கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே பஸ் ஓட்டினவன்யா நான்! இந்தப் பக்கம் தண்ணி, அந்தப் பக்கம் தண்ணி. மூணாவது சீட்டுல ஒருத்தர் கையில காபி. ஒரு சொட்டு சிந்தல. போய்க் கேட்டுப் பாருங்க, அந்த மனுஷன் இன்னும் அதே காபியத்தான் குடிச்சுக்கிட்டிருக்கார்!"

குரல் தெருவிலிருந்து வந்தது. குரலுக்குச் சொந்தக்காரரோ கூடத்தில் நீட்டிப் படுத்திருந்தார். அவருடைய சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த மகளின் விரல்கள் அப்படியே நின்றன. ஆள் போன பிறகும் வாய் ஓயாத மனிதர் இந்தப் பூமியில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தெருவில் வாடகை நாற்காலிகள் நாற்பது. உட்கார வந்தவர்கள் நாலாயிரம் என்று அவரே எழுந்து வந்தால் சொல்வார். எண்ணினால் இருநூறு தேறும். அதில் பாதிப் பேருக்கு அவரை நேரில் தெரியாது, போனில்தான் தெரியும். ஒரு கையால் கண்ணைத் துடைத்தார்கள், மறு கையால் அவருடைய வீடியோவைப் போட்டார்கள், சிரித்தார்கள், சிரித்துவிட்ட வெட்கத்தில் மறுபடி கண்ணைத் துடைத்தார்கள்.

"எதுக்கு ரிவர்ஸுன்னு கேளுங்க! என் மச்சான்தான் கண்டக்டர். பதினோராவது கிலோமீட்டர்ல அவனுக்கு ஞாபகம் வருது, சாப்பாட்டுக் கேரியரை ஸ்டாண்டுலயே வெச்சுட்டோம்னு. அழுதான் பாருங்க ஒரு அழுகை! பஸ்ஸைத் திருப்ப இடமில்ல. பின் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு வழி காட்டுறான். விசில் அடிக்கிறான், அழுவுறான், விசில் அடிக்கிறான், அழுவுறான்..."

தெரு சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மாமா வந்து வாசலில் நின்றார்.

சிரிப்பு கத்தரித்த மாதிரி அறுந்தது. யாரோ போனைக் குப்புறக் கவிழ்த்தார். மாமா யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். பின்னாலேயே அத்தை, மாமாவின் மனைவி. அத்தை நேராகத் தலைமாட்டில் போய் உட்கார்ந்து அழுதாள். மாமா கால்மாட்டிலேயே நின்றார். அவர் பார்வை பிணத்தின் மேல் இல்லை, மகளின் கையிலிருந்த போனின் மேல் இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. அப்பா டிரைவர், மாமா கண்டக்டர், இருபத்தாறு வருஷம் ஒரே பஸ். எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது போகாமல் அப்பா அவிழ்த்துவிட்ட அந்தக் கதையை மகள் படம் பிடித்து ஏற்றினாள். ஒரே வாரத்தில் ஆறு லட்சம் பேர் பின்தொடர ஆரம்பித்தார்கள். பணி ஓய்வு விழாவில் இருவரும் நின்ற படத்திலிருந்து மாமாவின் முகத்தை மட்டும் எவனோ வெட்டி எடுத்து, கண்ணில் நீர்வீழ்ச்சி வரைந்து, காபிக் கோப்பையில் அச்சடித்து விற்றான். விசிலும் விம்மலும் கலந்த சத்தம் ரிங்டோன் ஆயிற்று. மருந்துக் கடை வரிசையில் மாமா நின்றால் பின்னால் ஒரு விசில், ஒரு விம்மல். அவர் மருந்துக் கடைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு வாசலுக்கு வருவதையும் நிறுத்தினார்.

"எடுத்துடுங்க மச்சான்" என்று இதே கூடத்தில்தான் ஒரு நாள் கேட்டார்.

"பேர் சொன்னேனா? மச்சான்னுதானே சொன்னேன். எனக்கு ஏழு மச்சான்." உண்மையில் இருந்தது ஒரே ஒரு மச்சான்.

"எனக்கு மூஞ்சி ஒண்ணுதான்."

"என் வாய், என் கதை. பேசாதேன்னு சொல்ல நீ யாருடா?"

"கதை உங்களோடது மச்சான். அழுகை என்னோடது."

அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். வீடியோவை எடுக்கவில்லை. பிறகுதான் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கேலியை நிறுத்து, முகத்தை எடு என்றதோடு நிற்காமல், 'மேற்படி சம்பவம் ஒருபோதும் நடக்கவில்லை, முழுக்க இட்டுக்கட்டியது' என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரி எப்படியோ வெளியே கசிந்தது. அதுவரை ஒருவரும் நம்பாமல் ரசித்த கதையை, கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணிச் சொன்ன பொய் மாதிரி ஆறு லட்சம் பேரும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். புளுகு டிரைவர் என்று பட்டம் கட்டினார்கள். அப்பா கதை சொல்வதை நிறுத்தினார். வாயை மூடிய மூன்றாவது வாரம் மூச்சையும் மூடிக்கொண்டார். நுரையீரல் என்றார் டாக்டர். நோட்டீஸ் என்றாள் மகள்.

அவள் போனில் இன்னொரு பதிவு இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஐந்து நாளுக்கு முன் எடுத்தது. ஆளைப் பார்த்தால் அப்பாதான். பேச்சைக் கேட்டால் வேறு யாரோ. ஒரு ஜோடனை இல்லை.

"கேரியருக்காக இல்ல. அவன் பொண்டாட்டிக்குப் பிரசவத்துல உதிரம் நிக்கலைன்னு ஒருத்தன் பைக்ல துரத்திக்கிட்டு வந்து சொன்னான். சொன்னதோட அந்த பைக்கும் படுத்துடுச்சு. கரை மேல திருப்ப முடியாது. ரிவர்ஸ் எடுத்தேன். நாங்க போனப்ப அவ மயக்கத்துல இருக்கா. பிள்ளை உயிரோட இருந்துச்சு. ஒன்பது நிமிஷம் இவன் கையில இருந்துச்சு, அப்புறம் போயிடுச்சு. அவ முழிச்சதும், பிறக்கும்போதே போயிடுச்சு, நானே சாயங்காலந்தான் வந்தேன்னு சொல்லிட்டான். நானும் கேரியர்னு கதை கட்டிட்டேன். இன்னைக்கு என்னைப் புளுகன்றாங்க. நான் போற அன்னைக்கு இதைப் போடு. கூட்டம் இருக்கும்போதே போடு."

அப்பா சொல்லும் எண்கள் சொல்லச் சொல்ல வளரும். ஏழு கிலோமீட்டர் பதினொன்றானது, முப்பது பயணிகள் ஐம்பத்திரண்டானார்கள். அந்த ஒன்பதை மட்டும் கட்டிலில் அன்றைக்கு அவர் மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் அது ஒன்பதாகவே இருந்தது.

அதுதான் இன்றைக்கு நாலு மணிக்குத் தானாக வெளியாகக் காத்திருந்தது. 'அப்பாவின் கடைசிக் கதை' என்று காலையிலேயே அறிவித்துவிட்டாள். மாமாவுக்கும் அது தெரியும். அப்பாவே கட்டிலிலிருந்து போன் போட்டு, "தயாரா இருடா, செத்தவன்மேல நோட்டீஸ் விட முடியாது" என்று சிரித்திருக்கிறார்.

மாமா கண்ணைக் காட்டினார். மகள் பக்கத்து அறைக்குப் போனாள். ஆக்சிஜன் சிலிண்டரை இன்னும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மாமா கதவைச் சாத்தினார்.

"நாலு மணிக்கா?"

"நாலு மணிக்கு."

"எடுத்துடும்மா."

"எதை மாமா? நடக்கவே இல்லைன்னு வக்கீல் வெச்சு எழுதிக் குடுத்தீங்களே. நடக்காததுக்கு எதுக்குப் பயப்படுறீங்க?"

மாமா சிலிண்டரின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பொய்னா சிரிச்சுட்டுப் போகட்டும். நிஜம்னா எங்கப்பா புளுகன் இல்ல. வெளிய வந்து 'நடந்துச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. காரணம் சொல்ல வேணாம். இப்பவே எடுத்துடுறேன்."

"நடக்கல."

"மாமா..."

"முப்பத்திநாலு வருஷமா நடக்கல. இனிமேலும் நடக்காது."

"அத்தைக்குத் தெரிய வேணாமா? அவங்க பெத்த பிள்ளை."

"தெரியணும்னா, ஆறு லட்சம் பேரோட வரிசையில நின்னா தெரிஞ்சுக்கணும்?" அவர் குரல் உயரவில்லை. "ஒருத்தன் சிரிப்பான். ஒருத்தன் அழுற பொம்மை போடுவான். இன்னொருத்தன் கோப்பையில அச்சடிப்பான். அந்த ஒன்பது நிமி..." பாதியில் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டார்.

மகள் சமையலறைக்குப் போனாள். அங்கே அத்தை, அழுது முடித்த கையோடு, வந்தவர்கள் குடித்து வைத்த டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துக்க வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத ஜாதி.

"நீ விடு கண்ணு, நான் பாத்துக்கறேன். சாப்பிட்டியா? எங்க சாப்பிட்டிருப்ப." ஒரு டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உங்கப்பா என்னைப் பத்தி விடாத கதையே இல்ல. நான் வெச்ச குழம்பைத் தொட்டுத்தான் பஸ் டயருக்குப் பஞ்சர் ஒட்டினாராம். நேர்லயே சொல்லுவார், நானும் சிரிப்பேன். என் பிள்ளை விஷயத்துல மட்டும் ஒரு வார்த்தை வந்ததில்ல. அவ்வளவு பெரிய வாயில அந்த ஒரு இடத்துல பூட்டு. அதுக்கு நான் மனசுக்குள்ள எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கேன்."

மகள் டம்ளரை வாங்கித் துடைத்தாள். கடிகாரத்தில் மூணு பத்து.

அவளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. ஒரு நாளைக்கு அறுபது பேரின் வயிற்றுக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு, வாயைத் தைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவள். அங்கே ஒரு வழக்கம். ரிப்போர்ட் கவரின் மேல் எந்தப் பெயரோ, அவர் கையில் மட்டும்தான் கவர். புருஷன் வந்து நின்றாலும் சரி, மாமியார் வந்து மூக்கால் அழுதாலும் சரி, "பேருக்கு உரியவங்களை வரச் சொல்லுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். பதினாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இந்தக் கவரின் மேல் அப்பாவின் பெயர் இல்லை. மாமாவின் பெயர்கூட இல்லை. அந்தப் பெயருக்கு உரியவள், எதிரே நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்தாள். நீக்கிவிடவா, உறுதியா என்று போன் கேட்டது. கூடத்துப் பக்கம் திரும்பாமல் அழுத்தினாள். சாகும் தறுவாயில் அப்பா அவளிடம் கேட்டது, அதைப் போடு என்ற ஒன்றைத்தான்.

மாமா நடையில் நின்றிருந்தார்.

"எடுத்துட்டேன்."

அவர் நம்பாமல் பார்த்தார். திரையைக் காட்டினாள்.

"வெளிய வந்து நீங்க எதுவும் சொல்லவும் வேணாம். ஆனா மாமா, அத்தை என்கிட்ட வந்து கேட்டா, நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

மாமா தலையை ஆட்டினாரா, வெறுமனே குனிந்தாரா என்று தெரியவில்லை.

மூன்றரைக்கு வண்டி வந்தது. தூக்கி ஏற்றும்போது தெருவில் ஒரு குரல் கேட்டது. "கடைசிக் கதை நாலு மணிக்குத்தானே மேடம்?"

"வராது."

"ஏன்?"

"வராதுன்னா வராது."

கூட்டத்தின் பின்பக்கம் யாரோ இன்னொருவரின் காதில், இருநூறு பேருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னார். "புளுகு மாட்டிக்கும்ல. அதான்." மகள் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

வண்டியின் பின்பக்கம் இரண்டு நீளப் பலகைகள், நடுவில் அப்பா. ஒரு பக்கம் மகள், எதிர்ப்பக்கம் மாமாவும் அத்தையும். இத்தனை நெருக்கத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டிரைவர் வண்டியை எறும்பு முந்தும் வேகத்தில் ஓட்டினார். அப்பாவுக்கு உயிர் இருந்திருந்தால் இறங்கிப் போய் ஸ்டியரிங்கைப் பிடுங்கியிருப்பார்.

மாமா வெளியே பார்த்தபடி வந்தார். முகம் கல்லாயிருந்தது.

"என்னமோ சொன்னானே ஒருத்தன், கேட்டீங்களா?" என்றாள் அத்தை. "புளுகாம். செத்தவர் காதுல விழற மாதிரி சொல்றான். நடக்காத ஒண்ணை வேடிக்கைக்குச் சொன்னார், விட்டுத் தொலையறதுதானே? நீங்களும் நோட்டீஸுல அந்த ஒரு வரியை எழுதாம இருந்திருக்கலாம். பாவம், புளுகன்னு பேர் வாங்கிக்கிட்டுப் போறார்."

மகள் தன் காலைப் பார்த்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அப்பாவின் தலை லேசாக ஆடியது. மாமா சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தார். பள்ளம் கடந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"நடந்துச்சு" என்றார்.

"என்னது?"

"பஸ்ஸு. ரிவர்ஸு." அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தே பேசினார். "கேரியருக்காக இல்ல. உனக்காக."

அத்தை புரியாமல் மகளைப் பார்த்தாள். மகள் நிமிரவில்லை. அத்தை மறுபடி மாமாவைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். வெளியே ஒரு கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"நீங்க அன்னைக்குச் சாயங்காலம் வரல" என்றாள். அது கேள்வி மாதிரி இல்லை.

"வரல. மத்தியானமே வந்துட்டேன். மச்சான் ரிவர்ஸ்லயே கொண்டுவந்து விட்டார். பிள்ளையைக் கையில வாங்கினேன்."

அத்தை மடியிலிருந்த கைப்பையை எடுத்து மெதுவாகக் காலடியில் வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் காலியான மடியின் மேல் விரித்து வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"ஒன்பது நிமிஷம்" என்றார் மாமா.