காய்ந்தால் செத்துவிடும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வனத்துறை நாற்றங்காலிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் விதைப்பெட்டியின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். மறதியால் அல்ல. பெட்டிக்குள் ஈர மரத்தூளில் அரிய பழமரம் ஒன்றின் முப்பத்தெட்டு விதைகள் இருந்தன. அந்த வகை மரங்களில் காட்டில் மிஞ்சியவை ஒன்பதே ஒன்பது. நெல், பயறு மாதிரி அதன் விதையைக் காயவைத்து டப்பாவில் அடைக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும், குளிரூட்டினாலும் செத்துவிடும். முளைக்கிறவரை ஐந்தாறு மாதம் தினமும் எடைபோட்டு, அளவாகத் தண்ணீர் தெளித்து, பச்சைப்பிள்ளை மாதிரிப் பார்க்க வேண்டும்.

அதற்கான கைராசி அவளுக்கு இருந்தது. அதுதான் வினை. போன தடவை வேறொரு உதவியாளர் பார்த்த பெட்டி மொத்தமும் பூஞ்சை பிடித்துப் போயிற்று. பதினைந்தே நாளில் அவர் கேட்ட ஊருக்கே அவரை மாற்றிவிட்டார்கள். அவளோ நாலு வருஷமாக மாற்றல் கேட்கிறாள். கணவனும் மகளும் ஒரு பகல் பயணத் தொலைவில், நாத்தனார் வீட்டில். முளைக்கட்டும் என்றார் அதிகாரி. முளைத்தது. நாலு இலை விடட்டும் என்றார். விட்டது. அதற்குள் மரம் மறுபடி காய்த்துவிட்டது.

"நீ போயிட்டா இத யாரும்மா பாப்பாங்க?" என்று அன்று காலையிலும் கேட்டார். கெஞ்சுகிற குரல். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள்.

அதற்கு முந்தின நாள்தான் கணவன் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "பாப்பா இப்பல்லாம் எங்க அக்காவத்தான் அம்மாங்கிறா. சின்னப் புள்ளதானே, மனசுல வச்சுக்காத."

இரண்டு நாள் விடுமுறை. திங்கட்கிழமைக்குள் எல்லாம் முடிந்திருக்கும். சனிக்கிழமை காலை துணி துவைத்துக் கொடியில் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் மகளுக்கு வாங்கி வைத்திருந்த பாவாடைகூட மொடமொடவென்று இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு விதைப்பெட்டியைப் பார்க்க நடந்தாள்.

"லீவு நாள்லயும் விடமாட்டாங்களா உங்கள?" என்றபடி காவலாளி கதவைத் திறந்தார்.

மேலாக இருந்த விதைகளின் தோல் சுருங்கியிருந்தது. உயிர் இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. வெட்டித்தான் பார்க்க வேண்டும், வெட்டினால் அந்த விதை போயிற்று. ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டினாள். உள்ளே தேங்காய்ப்பருப்பு வெள்ளை, நடுவில் பச்சையாகக் குருத்து. கத்தி நனைந்திருந்தது. சந்தோஷமா ஏமாற்றமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மரத்தூளை நனைத்தாள், மூடியை அழுத்தி மூடினாள், அப்படியே தரையில் உட்கார்ந்து நாத்தனார் வீட்டுக்குப் போன் போட்டாள்.

மகள்தான் எடுத்தாள்.

"யாரு பேசுறீங்க?"

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம். குழந்தை மறுபடி கேட்டது. அவள் உள்ளங்கையில் விதையின் இரண்டு பாதிகளும் மல்லாந்து கிடந்தன. வெட்டுப்பட்ட வெள்ளை, ஓரத்திலிருந்து பழுப்பேறத் தொடங்கியிருந்தது.