இரண்டரைக் கட்டை

"இதுல பாட்டு எங்க இருக்கு?"

"முழுசா கேளுங்க அத்தான், அப்புறம்..."

"முழுசா கேக்கற வரைக்கும் நான் இருக்கணுமே."

"பதினோரு நிமிஷம்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மச்சினி செல்பேசியை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கண்ணாடிக்கடைக்கு விடுமுறை. கடைக்காரர்தான் அவளுடைய அத்தான், நாலு பேர் கொண்ட இந்த ராக் குழுவின் பாடகர். கண் பரிசோதிக்கிற நீள அறையில்தான் ஒத்திகை. எழுத்து அட்டைக்குக் கீழே டிரம்ஸுக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சர். அவள் ஓங்கி அடித்தால் அலமாரியில் பிரேம்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். மூலையில் தச்சர், மடியில் பேஸ் கிட்டார். மச்சினிக்குத் தொழில் தையல் மிஷின் பழுது பார்ப்பது, இங்கே கிட்டார்.

அத்தானைப் பொறுத்தவரை ராக் இசை எழுபத்தொன்பதாம் வருஷம் டிசம்பரில் முடிந்துவிட்டது. அதன்பிறகு வந்தவர்கள் கரண்ட் செலவழிக்கிறார்கள், அவ்வளவுதான்.

"சரி, இவங்களைக் கேளுங்க. போன வருஷம் வந்தவங்க. உங்க ஆளுங்களுக்குப் பேரன் முறை ஆகணும்."

"முகஜாடையே இல்லையே."

"குரலைப் பாருங்க. மேல எல்லாம் போகாம நிதானமா நிக்குது."

"படுத்துக்கிட்டே பாடறானா?"

"அப்ப இது? இதுதான் அசல் மெட்டல்."

செல்பேசியிலிருந்து ஓர் ஆள் அடிவயிற்றிலிருந்து உறுமினான். அத்தான் தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டார். கண் தெரியவில்லை என்று வருகிறவர்களிடமும் அவர் அப்படித்தான் தலையைச் சாய்ப்பார்.

"இவனுக்கு இன்னும் மயக்க மருந்து தெளியல."

"பழகிட்டா உள்ள ஒரு மெட்டு கேக்கும் அத்தான்."

"பழகிட்டா பல்வலிகூடத்தான் ஒண்ணும் தெரியாது."

அவளிடம் ஏழு பாட்டு இருந்தது. மூன்று ராத்திரி தேடிப் பொறுக்கியது. ஏழிலும் பாடுகிறவன் கீழேயே நிற்கிறான். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மற்றபடி நல்ல பாட்டா, மட்டமா என்று அவள் பார்க்கவே இல்லை.

விஷயம் இதுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அத்தானின் தொண்டையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். ஆறுகிற வரைக்கும் சிரமப்பட வேண்டாமே என்று அக்கா சொல்ல, மச்சினி கிட்டாரை அரைக் கட்டை இறக்கிச் சுருதி சேர்த்தாள். தச்சரும் இறக்கினார். அத்தானிடம் யாரும் சொல்லவில்லை. பழைய மாதிரியே பாடுகிறேன் என்று அன்றைக்கு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு, திரும்ப ஏற்றுவதற்கு யாருக்கும் மனசு வரவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு அரைக் கட்டை. இப்படியே வருஷா வருஷம். இப்போது கம்பிகள் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்குகின்றன. அத்தான் இசைத்தட்டோடு சேர்ந்து பாடிப் பார்த்திருந்தால் என்றைக்கோ குட்டு உடைந்திருக்கும். பாடமாட்டார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுகிற மாதிரி இருக்கிறதாம்.

வருகிற சனிக்கிழமை நூலகத்தின் ஐம்பதாவது ஆண்டுவிழா. அங்கே மண்டபத்தில் ஒரு பழைய பியானோ இருக்கிறது. நானும் உங்களோடு வாசிக்கிறேனே என்று நூலகர் அம்மாள் கேட்க, அத்தான் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தார். கிட்டார் இறங்கும். பியானோ யாருக்காகவும் இறங்கி வராது. முந்நூறு பேர் முன்னால், உச்சிக்குப் போக வேண்டிய இடத்தில், அவர் குரல் உடையும்.

ஆகவேதான் இந்தப் புதுப் பாட்டுகள். மெட்டல் என்றால் பியானோ தேவையில்லை என்று நூலகர் அம்மாளிடம் சொல்லிவிடலாம்.

"கடைசியா வந்ததை இன்னொரு தடவை போடு" என்றார் அத்தான்.

மச்சினிக்கு உயிர் வந்தது. போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கிட்டார் பரவாயில்லை. கம்பி தொய்ஞ்சு, சேத்துல நடக்கற மாதிரி. வேணும்னே இறக்கி வெச்சிருக்கான், இல்ல?"

"ஆமாம் அத்தான். மெட்டல்காரங்க எல்லாருமே இறக்கித்தான்..."

"நம்ம கிட்டாரும் இப்படித்தான் கேக்குது."

அக்கா ஒரு குச்சியைத் தொடையில் துடைத்தாள். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"நம்ம கடைசிப் பாட்டை எடு. அசல் ரெக்கார்டு."

"எதுக்குங்க இப்ப?" என்றாள் அக்கா.

"போடச் சொன்னேன்."

பாட்டு தொடங்கியது. அத்தான் எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, பெரியவர் பேசும்போது வாயைத் திறந்தார். முதல் வரியில் இருவரும் சேர்ந்தே போனார்கள். இரண்டாவது வரியில் அவர் கழுத்து நரம்பு தெரிந்தது. மூன்றாவது வரியில் ரெக்கார்டு மேலே போனது. அவர் போகவில்லை.

பாட்டு முடிகிற வரை நின்றுகொண்டே கேட்டார். யாரும் அதை நிறுத்தத் துணியவில்லை.

"எவ்வளவு?"

"ரெண்டரைக் கட்டை" என்றாள் அக்கா. "நான்தான் சொன்னேன். அவளைத் திட்டாதீங்க."

"எத்தனை வருஷமா?"

"ஆபரேஷனுக்கு அப்புறம்."

அத்தான் சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் காட்டினார்.

"இதுல எழுத்தைப் பெரிசாக்கி வெச்சுட்டு, உங்க பார்வை நல்லா இருக்குன்னு நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"

"இல்லை."

"சொல்லியிருந்தா எல்லாரும் சந்தோஷமாப் போயிருப்பாங்க. வெளிய போய் எத்தனை பேர் பஸ்ஸுல மோதியிருப்பாங்க."

"நீங்க பாடணும்னு ஆசைப்பட்டேங்க. வேற ஒண்ணுமில்லை."

தச்சர் தொண்டையைச் செருமினார். ஒத்திகையில் அவர் பேசுவதே அபூர்வம்.

"ஜனங்க கைதட்டினது நிஜம் சார். அதுல நாங்க எதுவும் இறக்கல."

அத்தான் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். நன்றியா, போதும் என்றா, தெரியவில்லை. பிறகு மைக்கைக் கழற்றினார். அதன் வயரைக் கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாகச் சுற்றினார், முறுக்கு விழாமல், ஒவ்வொரு சுற்றாக. மச்சினி உதவிக்குக் கையை நீட்டினாள், அவர் கொடுக்கவில்லை. சுற்றி முடித்ததை நாற்காலிமேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"பியானோ வரட்டும், அந்தம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. நீ பாடு, உனக்கு எட்டும். ஆனா சனிக்கிழமை மேடையில நான் எங்க நிக்கணும், அதை மட்டும் சொல்லு."