பிள்ளைக்குப் போட்ட பூட்டு

எங்கள் வீட்டுக்குப் போன் வருவதென்றால் குவைத்திலிருந்துதான் வரவேண்டும். கொழுந்தன் இன்னாசிராஜ் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் செல்போன் கடையே வைத்திருக்கிறான். இருந்தும் என்ன? என் கணவர் ஆரோக்கிய ஜெகன் கிறிஸ்துமஸ் லீவில் வந்து பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கென்று ஒரு புதுப் போன் கொண்டுவந்தார். அவர் விமானம் ஏறிய மறுநாளே என் மகள் ரெனிட்டா அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“உனக்கு இன்னாத்துக்கும்மா இவ்ளோ நல்ல கேமரா? நீ ரசம் வைக்கறதயா போட்டோ எடுக்கப் போற?”

அவள் பத்தாவது படிக்கிறாள். அவளுடைய பழைய போனில் அப்பா ஒரு பூட்டுப் போட்டிருந்தார். பிள்ளைகள் போனைப் பெற்றவர்கள் கட்டுப்படுத்துகிற ஆப். ராத்திரியானால் தானாகப் பூட்டிக்கொள்ளும். புதிதாக எது இறக்கினாலும் குவைத்துக்குக் கேள்வி போகும், அவர் அங்கே சம்மதம் கொடுத்தால்தான் இங்கே இறங்கும். பொண்ணு எந்நேரமும் வீடியோவும் கையுமாக இருக்கிறாள் என்று நான் புலம்பியதால் போட்டது. பூட்டு வந்த நாளிலிருந்து வீட்டில் தினமும் அழுகைதான். எனக்கும் அலுத்துப் போயிருந்தது. சரி, எடுத்துத் தொலை என்றேன். இரண்டு சிம்களையும் மாற்றிப் போட்டோம், அவ்வளவுதான். சிம் யாருடையதோ அவருடையதுதான் போன் என்று நினைக்கிற வீடு எங்களுடையது. மெயில் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் இன்னாசி கடையில் போட்டுக் கொடுத்தது. அதெல்லாம் என்ன ஏது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ராத்திரியில் என் கையிலிருந்த போன் பூட்டிக்கொண்டது. பூட்டட்டுமே, எனக்கு அந்த நேரத்தில் தூக்கம்தான் வேண்டும். அவரிடம் சொன்னால் ‘புதுப் போனை ஏன் அவகிட்ட குடுத்த’ என்று ஒரு பாட்டம் கேட்க வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டேன். அந்த ஆப் ஆள் எங்கே இருக்கிறார் என்று வரைபடத்தில் காட்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை. மகளுக்குத் தெரிந்திருந்தது, அவளும் சொல்லவில்லை.

நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பி.எட். கல்யாணத்துக்கு முன்பு சிதம்பரத்தில் தங்கிப் படித்தவள். இத்தனை வருஷமாக வேலைக்குப் போகிறேன் என்று வாயெடுத்தாலே அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். பாப்பா சின்னவ என்பார். அப்புறம் அம்மாவுக்கு உடம்பு முடியல என்றார். அம்மா போய்ச் சேர்ந்தபிறகு, ‘பாப்பா பத்தாவதுக்கு வந்துட்டா, இந்த வருஷம் போவட்டும்’ என்றார். போடா என்று ஒருநாள் தோன்றிவிட்டது. சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் எழுதிப் போட்டேன். வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொன்னார்கள். வேலை கையில் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், கிடைத்த வேலையை விடு என்று சொல்ல யாருக்கும் கொஞ்சம் கூசும் என்பது என் கணக்கு. குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு என்பதை அந்த அவசரத்தில் மறந்துபோனேன். லீவு நாளில் கேம்ப் அறையில் படுத்துக்கொண்டு போனை நோண்டுவதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறென்ன வேலை?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் நடத்திக் காட்டச் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி சந்தேகம் கேட்டாள், நான் பதில் சொன்னேன், அவள் திருப்பிக் கேட்டாள், அதற்கும் சொன்னேன். அதற்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை. வெளியே வந்ததும் பிரின்சிபால் மேடம் சிரித்தார்.

“திங்கக்கெழமையே சேந்துடுங்க மேடம். ஆர்டர் வாட்ஸ்அப்ல வரும். பாத்துட்டு ஓகேன்னு ஒரு பதில் போடுங்க, போதும்.”

என்னை மேடம் என்றார்! பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் நடந்தேனா மிதந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடலூர் பஸ் அருகே நின்று போனை வெளியே எடுத்தேன். சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். திரை முழுக்க அவரும் இன்னாசியும் கூப்பிட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அவர் கூப்பிட்டார்.

“எங்க இருக்க?”

“வீட்லதாங்க.”

“வீட்ல உக்காந்து இன்னாத்த கிழிக்கிற? உன் பொண்ணு காலைலேர்ந்து சிதம்பரத்துல சுத்திகினு இருக்கா, தெரியுமா? எவன்கூட போனா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ ஸ்கூல்ல இருக்கா என்றேன்.

“ஆங், ஸ்கூல்லதான் இருக்கா. இன்னாசியை அனுப்பிப் பாத்துட்டேன். ஆளு அங்க, போனு சிதம்பரத்துல. அப்ப போன எவன்கிட்டயோ குடுத்திருக்கா இல்ல? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. டீச்சருங்க முன்னாடி கல்லு மாதிரி நிக்கறாளாம். படிச்சது போதும். டி.சி.ய வாங்கிட்டு வந்துடுன்னு சொல்லிட்டேன்.”

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. அவருடைய திரையில் ரெனிட்டா என்ற பெயரில் சிதம்பரத்தில் நின்றது நான்.

பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்றுதான் யோசித்தேன், மறைப்பானேன்? போனை ரிப்பேருக்குக் கொடுத்தேன் என்று சொல்லலாம். கொழுந்தனே போன் கடைக்காரன், அதை யார் நம்புவார்கள்? தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். பேசிக்கொண்டிருப்பதே அந்தப் போனில்தான். அங்கே ஆபீஸ் ரூம் வாசலில் என் பிள்ளை எல்லோர் பார்வையிலும் நின்றுகொண்டிருக்கிறாள். பொதுத் தேர்வு பக்கத்தில் வந்துவிட்டது. எவனோடோ போனாள் என்று ஒருதரம் பெயர் கெட்டால் எங்கள் தெருவில் அதற்கு மருந்தே கிடையாது. நான் வாயைத் திறந்தால் அவள் பிழைப்பாள், என் வேலை போய்விடும். அதுவும் தெரிந்தேதான் இருந்தது.

“அவ போனு என்கிட்டதாங்க இருக்கு. புதுசு அவகிட்ட இருக்கு. சிதம்பரத்துல இருக்கறது நானு.”

“நீயா?”

“ஆமாங்க.”

“மாதாவே! அப்பாடா… வயித்துல பால வார்த்தடி.” நிஜமாகவே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “சிதம்பரத்துல உனக்கு இன்னா வேலை?”

சொன்னேன். கெமிஸ்ட்ரி, திங்கட்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

“சரி, பஸ்ஸப் புடிச்சி வூடு போய்ச் சேரு. பொறவு பேசிக்கலாம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் இன்னாசி ரெனிட்டாவை வீட்டில் கொண்டுவந்து விட்டான். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் பையைக் கழற்றினாள். அழுத முகம். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

“உன் பழைய போனு என்கிட்ட இருக்குன்னு நீ ஏன்டி சொல்லல?”

“சொன்னா புதுப் போன புடுங்கிப்பாரு. அதான் பேசாம இருந்தேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ம்மா, அப்பா போன் பண்ணாரு. புதுசு என்கிட்டயே இருக்கட்டும்னுட்டாரு. லாக்கும் போடலயாம். நீ பயந்துட்டியாம்மா?”

“உனக்கு லாக் இல்லன்னா எனக்கு?”

என் போனை வாங்கிப் பார்த்தாள். வாட்ஸ்அப் படம் மங்கிப்போய் அதன்மேல் பூட்டு ஒன்று நின்றது. தொட்டால், பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள் என்று வந்தது. பெற்றோர்! என்னைப் பெற்ற அப்பா ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிறார், அவர் எதையும் பூட்டியதில்லை.

அவருக்குக் கூப்பிட்டேன். பேசுவதற்கு மட்டும் பூட்டு இல்லை, அவர் பேச வேண்டுமே.

“ஏங்க, வாட்ஸ்அப்ப எடுத்து விடுங்க. ஆர்டர் அதுலதான் வரும்.”

“எடுத்து விடறேன். ரெண்டு நாளு பொறுமையா யோசி. பாப்பாவுக்கு பரீட்சை. காலைல நீ பஸ்ஸுக்கு ஓடினா அவளுக்கு சோறு யாரு போடுவா?”

“அவளுக்குப் போட்ட லாக்க எடுத்துட்டீங்க, எனக்கு மட்டும் ஏன்?”

“இதுல இன்னா இருக்கு? நீ எங்க இருக்கன்னு தெரிஞ்சா எனக்கும் நிம்மதி. பேரத்தான் மாத்தணும், ரெனிட்டான்னே காட்டுது. இன்னாசிகிட்ட சொல்லி நித்யா மேரின்னு மாத்திடறேன். அப்ப குழப்பம் வராது பாரு.”

சனிக்கிழமை மத்தியானம் இன்னாசி கடைக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

“தம்பி, இத முழுசா அழிச்சிட்டு புதுசா போட்டுக் குடு.”

“அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு செஞ்சிடறேன் அண்ணி.”

“போன் யாருது?”

“உங்களுதுதான் அண்ணி. அண்ணன் கோச்சிக்கும்…” நெளிந்தான். கஸ்டமர் வந்தால் கையெழுத்துகூட வாங்காமல் ஊரான் போன் லாக்கை உடைக்கிற பயல், எனக்கு மட்டும் அண்ணனைக் கேட்கிறானாம். போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளி நம்பருக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஞாயிறு சர்ச் பூசையில் நின்றபோது மனம் பூசையில் இல்லை. சாமி பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்டால் தெரியாது. திங்கட்கிழமை போயே ஆக வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன். ஆர்டர் வாட்ஸ்அப்பில் கிடக்கட்டும், ஆளாக நேரில் போய் நின்றால் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

திங்கட்கிழமை விடியுமுன் எழுந்து சோறும் குழம்பும் செய்துவைத்தேன். மகளை எழுப்பி டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தேன். போனை அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். அவர் பார்த்தால் பார்க்கட்டும், நித்யா மேரி அடுப்படியிலேயே இருப்பாள். நல்ல புடவை கட்டி, முதல் பஸ்ஸில் ஏறினேன். செம்மங்குப்பம் தாண்டுகிறவரைக்கும் கெமிக்கல் கம்பெனிகளின் மருந்து நெடி மூக்கில் ஏறியது, அதற்குப் பிறகு காற்று நன்றாக இருந்தது. வகுப்பில் முதலில் என்ன நடத்துவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

பிரின்சிபால் மேடம் என்னைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். மரியாதைக்காக எழுந்த மாதிரி தெரியவில்லை.

“நீங்க… வர மாட்டீங்கன்னு சொன்னாங்களேம்மா?”

மேடமாக இருந்தவள் அம்மாவாகிவிட்டேன்.

“யாரு சொன்னாங்க?”

“உங்க ஹஸ்பண்டு. சனிக்கெழமை காலைல குவைத்துலேர்ந்து ஆபீஸுக்குப் பேசினாரு. ரொம்ப மரியாதையா பேசினாரு. வீட்டுச் சூழ்நிலை சரியில்ல, மன்னிச்சிக்குங்கன்னாரு. நாங்களும் அடுத்தவங்கள வரச் சொல்லிட்டோம். அவுங்க இப்ப கிளாஸ்ல இருக்காங்க.”

இந்தப் பள்ளியின் பெயரை நான் அவரிடம் சொல்லவே இல்லை. கேட்கவும் இல்லை அவர். எந்தத் தெரு, எந்தக் கட்டிடம், எவ்வளவு நேரம் என்று அவருடைய திரை எல்லாவற்றையும் காட்டியிருக்கிறது. நம்பரைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

“வேலைக்கு எழுதிப்போட்டது நானு. பாடம் நடத்தினது நானு. நான் வரலன்னு நான் சொன்னேனா மேடம்?”

“கோவப்படாதீங்க. எதுவா இருந்தாலும் குடும்பத்துல ஒத்துமைதாம்மா முக்கியம். அடுத்த வருஷம் பாக்கலாம்.”

மாடியில் எந்த வகுப்பிலோ பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. வந்தது வேறு.

“அன்னிக்கு என்கிட்ட எம்.எஸ்ஸி. ஒரிஜினல் கேட்டீங்க, குடுத்தேன். பி.எட்.டு கேட்டீங்க. ஆதார் கேட்டீங்க. ஜாதி சர்டிபிகேட் கேட்டீங்க. நான்தான் நித்யா மேரின்னு நீங்க நம்பறதுக்கு ஒரு பை நெறைய காகிதம் குடுத்தேன். போன்ல ஒருத்தரு, நான் அவ புருஷன்னாரு. அவருகிட்ட நீங்க இன்னா கேட்டீங்க?”

மேடம் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.

“அதெல்லாம் எப்படிம்மா கேக்கறது?” என்றார்.