வேம்புக்குப் பச்சை அடித்தவர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்து அழகாகத் தொடங்க மூன்று முறை முயன்றேன்.

"விக்கிரமங்கலம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், வண்ணங்களை நேசித்த ஒரு குட்டிப் பெண்..."

(அடித்துவிட்டேன். அவள் எதையும் நேசிக்கவில்லை. பார்த்ததை வரைந்தாள், அவ்வளவுதான்.)

2

நான் பகுதிநேர ஓவிய ஆசிரியை. பெரம்பலூரிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் பிடித்துப் போகிறேன். மூன்றாம் வகுப்பு வெற்றிச்செல்வி மாவட்டப் போட்டிக்கு வேப்பமரம் வரைந்தாள். இலையெல்லாம் சாம்பல் நிறம்.

"இலை பச்சையாத்தானே இருக்கும்?" என்றேன்.

"எங்க தெருவுல இப்படித்தான் டீச்சர். கல்லு லாரி போவுதுல்ல, புழுதி. மழ பேஞ்சாத்தான் பச்சையாவும்."

போட்டிக்குப் போகும் படத்தை ஆசிரியரே 'ஃபினிஷிங்' செய்து அனுப்புவது எங்கள் பள்ளி வழக்கம். பிள்ளை கோடு போடும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இதில் யாருக்கும் வெட்கமில்லை.

3

தலைமையாசிரியர் அமிர்தசாமி அந்தப் படத்தை வாங்கி, இலைக்கெல்லாம் பச்சை அடித்தார்.

(நில்லுங்கள். முதல் பிரதியில் இப்படித்தான் எழுதினேன். படித்த தோழிகள் அமிர்தசாமியைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு இதமாக இருந்தது. பொய். அடித்தது நான். ஞாயிற்றுக்கிழமை மதியம், என் வீட்டு மேசையில், டீ குடித்துக்கொண்டே.)

4

முதல் பரிசு கிடைத்தது. மேடையில் படத்தைக் கையில் கொடுத்ததும் வெற்றிச்செல்வி, "இது என் படமில்ல சார்" என்றாள்.

"சின்னப் புள்ள, பயந்துடுச்சுங்க," என்று அமிர்தசாமி சிரித்துச் சமாளித்தார்.

அவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள். "டீச்சர், நீங்க சொல்லுங்க."

நான் கைதட்டினேன்.

5

அதன்பிறகு அவள் கிரேயானைத் தொடுவதில்லை. வெள்ளைத் தாளை என்னிடமே நீட்டுகிறாள். "நீங்களே போட்டுக்குங்க டீச்சர்." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முடிவு அ: நான் மன்னிப்புக் கேட்கிறேன், அவள் சிரிக்கிறாள். (எட்டு வயதுப் பிள்ளையை என் வசதிக்குச் சிரிக்கவைக்க நான் யார்?)

முடிவு ஆ: பரிசுக் குழுவுக்கு உண்மையை எழுதிப் போடுகிறேன், வேலை போகிறது, போனால் போகட்டும் என்று...

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

6

இந்த இடத்தில் முடிவை வாசகரிடம் விடுவார்கள். நான் விட மாட்டேன். நீங்களும் நல்லவர்கள், பச்சை அடித்துவிடுவீர்கள்.

முடிவை வெற்றிச்செல்விதான் சொல்ல வேண்டும். நாளை வியாழக்கிழமை, இரண்டாம் பீரியட் ஓவியம். வகுப்புக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொல்லிவிட்டு, அவளிடம் கேட்பேன்.

போன புதன்கிழமையும் இதையேதான் எழுதினேன்.